இஞ்சினோடு சேர்ந்து பாடும் ஸ்பீக்கர்: வாகன ஆடியோ இரைச்சலைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

போன மாரி தொடங்க முதல் விசுவமடுப் பக்கமிருந்து ஒரு ஹயஸ் வான் எங்கள் கொட்டிலுக்கு வந்தது. கலியாண ஹயர் ஓடும் வான். சாரதி இறங்க முதலே முறைப்பாடு இறங்கியது.

“தம்பி, பாட்டுக்காரிக்குப் பின்னால இன்னொருத்தி நிண்டு கீய்ய் எண்டு கத்திறாள். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அவளும் சுருதி ஏத்திறாள்.”

பாட்டுப் போடும் செற்றை (வாகன ரேடியோவை) வெளியே இழுத்துப் பார்த்தேன். பவர் வயரில் இரைச்சலை வடிக்கிற பில்டர் ஒன்று, செற்றிலிருந்து அம்ப்புக்கு (சத்தத்தைப் பெருக்கும் பெட்டிக்கு) பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரில் இன்னொரு பில்டர். யாரோ விற்றிருக்கிறார்கள், இவர் வாங்கிப் பூட்டியிருக்கிறார். கத்துகிறவள் மட்டும் போகவில்லை. கடைசியில் பிழை இருந்தது ஒரேயொரு ஸ்க்ரூவில். அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் போனது, திருத்த ஐந்து நிமிடம். அந்த ஸ்க்ரூவின் கதையை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இரைச்சல் ஏதோ ஒரு வழியால்தான் ஸ்பீக்கருக்குள் வருகிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் பில்டர் பூட்டுவது, கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் வீடு முழுக்க வாளி வைக்கிற வேலை. ஆகவே இந்த வழிகாட்டியில் பில்டர் கடைசியில்தான் வரும்.

முதலில் காதைக் கொடுங்கள்

மீற்றரைத் தூக்க முதல் சத்தத்தைக் கேட்டு அது என்ன சாதி என்று பிரிக்க வேண்டும். வாகனத்தை ஓரமாக நிறுத்தி, கண்ணாடிகளை மூடி, குளிரூட்டியையும் நிறுத்திவிட்டு, செற்றின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்.

இஞ்சினை றேஸ் பண்ணும்போது சுருதி ஏறி, விட்டதும் இறங்குகிற ‘கீய்ய்’ ஒல்டனேற்றரிலிருந்து வருவது. நம்மூரில் பலர் அதை இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். பத்துக்கு எட்டு வாகனத்தில் வருகிற முறைப்பாடு இதுதான் என்பது என் அனுபவம்.

‘டிக் டிக் டிக்’ என்று, வேகத்தோடு நெருக்கமாகிற சத்தம் பிளக்கின் தீப்பொறியால் வருவது. பெற்றோல் வாகனத்தில் மட்டும்தான் இது வரும். டீசல் இஞ்சினில் தீப்பொறி பிளக்கே இல்லை. ஆகவே டீசல் வானில் டிக் டிக் கேட்டால் வேறு எதையாவது சந்தேகியுங்கள்.

திறப்பைத் திருகியவுடன், இஞ்சின் ஸ்டார்ட் ஆக முதலே கேட்டு, றேஸ் பண்ணினாலும் சுருதி மாறாத முனகல் என்றால் எரிபொருள் பம்ப்பை நினைக்கலாம். சிக்னல், வைப்பர், பிரேக் லைற் போடும்போது மட்டும் ‘டப்’ என்றால் அந்தந்த மோட்டர் அல்லது சுவிட்ச். இஞ்சின் நின்றாலும் ஓடினாலும் ஒரே மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று இருந்தால் அது இஞ்சின் இரைச்சலே இல்லை. அம்ப்பின் கெய்ன் (உள்ளே வரும் பாட்டை எவ்வளவு பெருக்குவது என்ற அளவு) கூடிவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் சுருதி ஏறுகிறது?

தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பற்றரி கிடைக்காத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். டைனமோ தருவது ஏசி மின்சாரம். அதை டயோட்டால் நேராக்கி, ஒரு கப்பாசிற்றரால் அலையை அடக்கிக் கொடுக்காவிட்டால் செய்திக்குப் பின்னால் ஒரு உறுமல் கேட்கும். சுற்றுகிறவருக்கு உற்சாகம் வந்தால் உறுமலும் சுருதி ஏறும். கை ஓய்ந்தால் அதுவும் இறங்கும்.

வாகனத்தில் நடப்பதும் அதேதான். ஒல்டனேற்றர் மூன்று கட்ட ஏசியை உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் ஆறு டயோட் அதை நேராக்குகிறது. மிச்சம் இருக்கும் சின்ன அலைகளைப் பற்றரி விழுங்க வேண்டும். கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். இஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, கப்பி விகிதம் 2.5 என்றால் ஒல்டனேற்றர் 2,000 சுற்றுச் சுற்றும். வழமையான 12 காந்த முனை ஒல்டனேற்றரில் அது விநாடிக்கு 200 ஏசி அலை. ஒவ்வொரு அலைக்கும் டயோட்டுகள் ஆறு துடிப்பை விடும். ஆக 1,200 ஹேர்ட்ஸ். 2,400 சுற்றுக்கு ஏற்றினால் 3,600 ஹேர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான். அதனால்தான் மில்லிவோல்ற் கணக்கான குப்பைகூட மண்டையைக் குடைகிறது.

அந்த அலை எல்லா வாகனத்திலும் இருக்கிறது. அது பாட்டுப் போகும் வயருக்குள் ஏறாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். பெரும்பாலும் எர்த் வழியாகத்தான், அதாவது மின்சாரம் வாகனத்தின் பொடி (தகர உடம்பு) வழியாகப் பற்றரி நெகற்றிவுக்குத் திரும்பும் பாதையால்தான், ஏறுகிறது.

தேவையான சாமான்

ஒரு டிஜிற்றல் மல்ரி மீற்றர். மில்லிவோல்ற் காட்டினால் போதும், விலை கூடியது வேண்டாம். இரண்டு மூன்று மீற்றர் நீளமான வயர், இரண்டு முனையிலும் கிளிப்போடு. சாண்ட் பேப்பர் ஒரு துண்டு, கம்பி பிரஷ், ஸ்பனர்கள். சார்ஜ் உள்ள, ஹெட்போன் துளை இருக்கிற பழைய போன் ஒன்று, அதற்கு 3.5 மில்லிமீற்றரிலிருந்து ஆர்.சி.ஏ.க்குப் போகும் வயர். இன்னொரு ஆர்.சி.ஏ. வயர், ஐந்து மீற்றர் நீளத்தில், மலிவானதாக இருந்தாலும் சரி.

கடைசியாக, கையால் செய்யும் ஒரு சாமான். பழுதான ஆர்.சி.ஏ. வயரிலிருந்து இரண்டு பிளக்கை வெட்டி எடுத்து, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து ஈயம் வையுங்கள். இதை ‘ஊமைப் பிளக்’ என்று நாங்கள் சொல்வோம். இது அம்ப்பின் உள்வாயில் மட்டும் போட வேண்டியது. செற்றின் வெளிவாயில் ஒருநாளும் போடாதீர்கள்.

முதலாம் படி: காசு செலவில்லாத சோதனை

சிகரெட் லைற்றர் துளையில் குத்தியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். போன் சார்ஜர், டாஷ் கமரா, கலர் கலராக மின்னும் விளக்கு, எல்லாம். இப்போது கேளுங்கள்.

போனை ஓக்ஸ் வயரில் (ஹெட்போன் துளையிலிருந்து செற்றுக்குப் போகும் வயர்) கொடுத்துக்கொண்டு அதே போனைச் சார்ஜிலும் போட்டால் கீய் வருவது மிகச் சாதாரணம். போனின் எர்த் இரண்டு வழியால் வாகனத்தோடு சேர்கிறது: ஒன்று சார்ஜர் வழி, மற்றது ஓக்ஸ் வயர் வழி. இந்த இரண்டு எர்த்துக்கும் இடையில் சிறு வோல்ற் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஓக்ஸ் வயரின் உறைக்குள்ளால் ஓடி, பாட்டோடு கலக்கிறது. எர்த் வளையம் என்று சொல்வது இதைத்தான். சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால் வேலை முடிந்தது. புளூடூத்தில் பாட்டைப் போடுங்கள்; இல்லையென்றால் ஓக்ஸ் வயரின் நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசோலேற்றர் போடுங்கள். உள்ளே இரண்டு சின்ன ட்ரான்ஸ்போமர்தான் இருக்கும், பாட்டு காந்தத்தால் தாண்டும், எர்த் தாண்டாது. இந்த ஒரு இடத்தில் அந்தச் சாமானுக்கு நான் எதிரியில்லை.

இரண்டாம் படி: ரேடியோவில் மட்டுமா, எல்லாவற்றிலுமா?

எப்.எம். கேட்கும்போது மட்டும் இரைச்சல் வந்து, புளூடூத்திலோ யூ.எஸ்.பி.யிலோ சுத்தமாக இருந்தால் பிழை அன்ரெனாப் பக்கம். அன்ரெனா வயரைச் செற்றின் பின்னால் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால், இரைச்சல் காற்றால் வந்து அன்ரெனாவில் ஏறுகிறது.

இங்கே நம் வாகனங்களுக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. யப்பானில் எப்.எம். தொடங்குவது 76 மெகாஹேர்ட்ஸில். அங்கேயிருந்து இறங்கிய வாகனத்தின் பழைய செற்றுகள் 90 வரைக்கும்தான் பிடிக்கும். நமக்கோ 108 வரை வேண்டும். அதனால் அன்ரெனா வயரின் நடுவில் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைப் பூட்டுவார்கள். அதற்கு 12 வோல்ற் வேண்டும். அவசரத்தில் பூட்டுகிறவர்கள் சிகரெட் லைற்றர் வயரிலேயே கீறி எடுப்பார்கள், எர்த்தைத் தொங்க விட்டுவிடுவார்கள். நான் கழற்றிய எக்ஸ்பாண்டர்களில் பாதிக்கு மேல் எர்த் ஒழுங்காக இருந்ததில்லை. அதைச் செற்றின் எர்த்தோடு சேர்த்து, பவரையும் செற்றின் சுவிட்ச் வயரிலிருந்து எடுங்கள். அன்ரெனாவின் அடிப்பகுதி பொடியோடு நன்றாகத் தொடுகிறதா என்றும் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் அந்த வயரின் உறைக்கு எர்த்தே இல்லை என்று அர்த்தம்.

ஓடிக்கொண்டே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று இருக்கிறது. ஏ9 வீதியில் கொக்காவில் கோபுரத்தை நெருங்கும்போது கவனியுங்கள். 2011இல் திறந்த, 174 மீற்றர் உயரக் கோபுரம் அது. அங்கிருந்து ஒலிபரப்பாகும் நிலையத்தைப் போட்டால், கிட்டப் போகப் போக இரைச்சல் அமுங்கி, தூரப் போனதும் திரும்ப வருமென்றால், சந்தேகமே வேண்டாம், அது அன்ரெனா வழியாக வருகிற இரைச்சல். பலமான அலை வரும்போது எப்.எம். செற் குப்பையை மறந்துவிடும். கோபுரத்தடியிலும் கீய் மாறாமல் இருந்தால் வயருக்குள் தேடுங்கள்.

புதிதாக மலிவு எல்.ஈ.டி. ஹெட் லைற் மாற்றியிருந்தால் அதையும் ஒருதரம் நிறுத்திக் கேளுங்கள். எப்.எம்.ஐக் கொல்வதில் அவை கெட்டிக்காரர்கள்.

மூன்றாம் படி: பற்றரியும் ஒல்டனேற்றரும்

இஞ்சின் நிற்கும்போது பற்றரியில் 12.4 முதல் 12.7 வோல்ற் வரை இருக்க வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. பிறகு மீற்றரை ஏசி வோல்ற்றுக்கு மாற்றி, இஞ்சின் ஓட, ஹெட் லைற் எரிய, பற்றரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். 0.1 வோல்ற்றுக்குக் கீழே இருந்தால் ஒல்டனேற்றர் நல்லது. 0.5 வோல்ற்றைத் தாண்டினால் டயோட் ஒன்று போயிருக்கும், அல்லது பற்றரிக்கு வயதாகிவிட்டது. அப்படிப்பட்ட வாகனத்தில் ஆடியோவைத் தொட முதல் ஒல்டனேற்றரைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரைச்சல் போகாது. போதாததற்கு ஒருநாள் இரவு ஒட்டுசுட்டான் காட்டுக்குள் ஸ்டார்ட் எடுக்காமல் நிற்பீர்கள்.

விலை மலிந்த மீற்றர்களில் சில, ஏசியில் வைத்தாலும் டிசி வோல்ற்றைச் சேர்த்து 28, 30 என்று காட்டும். அப்படிக் காட்டினால் பயப்படாதீர்கள். மீற்றரைத் திருப்பிப் பிடியுங்கள், அப்போது பூச்சியம் காட்டினால் அந்த மீற்றர் இந்தச் சோதனைக்கு உதவாது.

ஒரு எச்சரிக்கை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரி முனையைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்யுதோ பாப்பம்’ என்று சோதிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் சாகவில்லை. பழைய மொரிஸ் மைனரில் அது சரிவந்திருக்கலாம். இன்றைய வாகனத்தில் முனையைக் கழற்றிய அந்தக் கணத்தில் வோல்ற் பல மடங்காகப் பாயும். செற், அம்ப், இஞ்சினின் கம்பியூட்டர் என்று எது போகும் என்று சொல்ல முடியாது. யாராவது ஸ்பனரோடு அந்த முனைப் பக்கம் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

நான்காம் படி: பாதையை நடுவில் வெட்டுங்கள்

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. அம்ப் இல்லாமல் செற்றிலிருந்தே நேராக ஸ்பீக்கர் ஓடுகிறது என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு ஆறாம் படிக்குப் போங்கள்.

செற்றையும் அம்ப்பையும் நிறுத்துங்கள். அம்ப்பில் வந்து சேரும் ஆர்.சி.ஏ. வயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஊமைப் பிளக்கைப் போடுங்கள். இப்போது செற்றைப் போட்டு, இஞ்சினை ஸ்டார்ட் செய்து, றேஸ் பண்ணிக் கேளுங்கள்.

கீய் இன்னும் கேட்டால் பிழை அம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில், அல்லது அம்ப்பின் பவர், எர்த் வயரில். ஐந்தாம் படி. சுத்தமாக நின்றுவிட்டால் அம்ப் நல்லது, குப்பை ஆர்.சி.ஏ. வயர் வழியாக மேலிருந்து வருகிறது. ஆறாம் படி.

ஆர்.சி.ஏ. வயரைப் பவர் இருக்கும்போது கழற்றவோ பூட்டவோ கூடாது. ஏன் என்று ஆறாம் படியில் தெரியும்.

ஐந்தாம் படி: அம்ப் பக்கம்

இனி அந்த ஹயஸ் வானின் ஸ்க்ரூ.

இஞ்சினை ஓடவிட்டு, ஹெட் லைற்றையும் பாட்டையும் பலமாகப் போட்டேன். மீற்றரை டிசியில், 2 வோல்ற் அளவில் வைத்து, கறுப்பு முனையை நீள வயரால் பற்றரியின் நெகற்றிவில் கவ்வ விட்டேன். சிவப்பு முனையை அம்ப்பின் எர்த் ஸ்க்ரூவில் வைத்தேன். 0.38 வோல்ற். நல்ல எர்த்தில் இது 0.1ஐத் தாண்டக் கூடாது. அடுத்து, எர்த் வயரின் மற்ற முனையில் இருக்கும் வளையத்தில் வைத்தேன். 0.36. வயர் பிழையில்லை. வளையத்துக்குப் பக்கத்தில் பொடியைக் கத்தியால் ஒரு புள்ளி சுரண்டி, அந்தத் தகரத்தில் வைத்தேன். 0.05.

வளையத்துக்கும் தகரத்துக்கும் இடையில் இருப்பது ஒரு கடதாசித் தடிப்பு. அந்தத் தடிப்புக்குள் 0.31 வோல்ற் தொலைந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றினால், இருக்கைச் சட்டத்தின் பெயின்ற் அப்படியே பளபளவென்று இருக்கிறது. பூட்டியவர் சுரண்டவேயில்லை. ஸ்க்ரூவின் புரி மட்டும் தகரத்தைத் தொட்டிருக்கிறது. புரிக்குள் கிறவல் தூசி, செங்கட்டி மாதிரி இறுகிப்போய்.

“இந்தத் தூசிக்கா நான் ரெண்டு பில்டர் வாங்கினனான்?” என்றார் அண்ணை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூவை அவர் கையில் வைத்தேன்.

எர்த்தை இப்படிப் போடுங்கள். அம்ப்பிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் தடித்த தகரம் இருக்கும் இடமாகப் பாருங்கள். கதவோ இருக்கைச் சட்டமோ வேண்டாம், இருக்கைப் பட்டியின் போல்ற்றையும் தொடாதீர்கள், அது உயிர் காக்க இருக்கிறது. துளையிட முதல் அடியில் குனிந்து பெற்றோல் குழாய், பிரேக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். பத்துச் சத நாணயம் அளவுக்கு வெள்ளித் தகரம் தெரியும்வரை பெயின்ற்றைச் சுரண்டுங்கள். தகர ஸ்க்ரூ வேண்டாம். போல்ற், நட்டு, பல் உள்ள வாசர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே கிறீஸோ பெயின்ற்றோ பூசி மூடுங்கள். முல்லைத்தீவு, நாயாறு, மன்னார்ப் பக்கம் ஓடுகிற வாகனத்துக்கு இந்தப் பூச்சு கட்டாயம். உப்புக் காற்று ஒரு மாரியிலேயே வேலையைக் காட்டிவிடும்.

எர்த் வயர், பவர் வயரின் தடிப்புக்குக் குறையக் கூடாது. பவர் 4 கேஜ் என்றால் எர்த்தும் 4 கேஜ். கடையில் ‘செம்பு வயர்’ என்று தருவதில் பல, செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது பிழையான சாமான் என்றில்லை, ஆனால் ஒரு அளவு தடிப்பாக எடுக்க வேண்டும். பவர் வயர் பற்றரியிலிருந்தே நேராக வர வேண்டும், பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் இரைச்சலுக்கு இல்லை. வயர் தகரத்தில் உரசித் தேய்ந்தால் வான் எரியாமல் இருப்பதற்கு.

எர்த் சரி, இன்னும் கேட்கிறது என்றால் அம்ப்பின் உடம்பு பொடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு பிளைவூட்டில் ஏற்றிப் பூட்டுங்கள். ஸ்பீக்கர் வயர் எங்காவது கதவு விளிம்பில் நசுங்கித் தகரத்தைத் தொட்டாலும் இதே வியாதிதான்.

அப்புறம் இஞ்சினின் எர்த் பட்டி. இஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில் பின்னிய செம்புப் பட்டி ஒன்று இருக்கும், பலர் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவிலும் மற்றதை இஞ்சின் உடம்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ற்றுக்கு மேல் பாய்ந்தால் அந்தப் பட்டியையும் பற்றரியின் நெகற்றிவ் வயரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். இரணைமடு வான்கதவு திறந்த நாட்களில் வெள்ளத்துக்குள்ளால் ஓடிய வாகனங்களில் இந்தப் பட்டி பச்சை பூத்து நிற்பதை நிறையக் கண்டிருக்கிறேன்.

ஆறாம் படி: செற் பக்கம்

ஊமைப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய போனை 3.5 வயரால் அம்ப்பில் நேராகக் கொடுங்கள். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது, சத்தத்தை அடியில் வைத்துத் தொடங்குங்கள். போனின் பாட்டு சுத்தமாக வந்தால், மிச்சம் சந்தேகத்துக்குரியவர் இருவர்தான்: ஆர்.சி.ஏ. வயர், செற்.

புதிய ஆர்.சி.ஏ. வயரை இருக்கைகளுக்கு மேலால், வாகனத்தின் எந்த வயருக்கும் கிட்டப் போகாமல் இழுத்து, செற்றிலிருந்து அம்ப்புக்குப் பூட்டுங்கள். சத்தம் நின்றால் பழைய வயர் பழுது, அல்லது அது போகும் பாதை பிழை. பவர் வயரும் ஆர்.சி.ஏ. வயரும் ஒரே பக்கத்தால் கட்டுப்போட்டுப் போயிருந்தால் பிரியுங்கள். ஒன்று இடப்பக்கக் கதவோரம், மற்றது வலப்பக்கக் கதவோரம். எங்காவது ஒன்றையொன்று தாண்ட வேண்டி வந்தால் குறுக்காகத் தாண்டட்டும், பக்கத்தில் படுத்துப் போகக் கூடாது. ஆனால் எனக்குத் தெரிய, வயரின் பாதையால் வரும் பிழை எல்லோரும் சொல்கிற அளவுக்கு அதிகமில்லை. எர்த்தைப் பார்த்து முடிக்காமல் பாய் பிரித்து வயரை மாற்றத் தொடங்காதீர்கள்.

மேலால் இழுத்த வயரிலும் கேட்டால் செற்றை வெளியே எடுத்து, ஒரு துணியில் வைத்து, எந்தத் தகரத்தையும் தொடாமல், அதன் கறுப்பு வயரை நீள வயரால் அம்ப்பின் எர்த் போல்ற்றுக்கே கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். நின்றால், செற்றின் எர்த்தை நிரந்தரமாகவே அங்கே கொடுத்துவிடலாம். அம்ப் இல்லாமல் செற் மட்டும் உள்ள வாகனத்துக்கும் இதே சோதனைதான். நீள வயரைப் பற்றரி நெகற்றிவுக்குக் கொண்டுபோங்கள். அத்தோடு செற்றுக்குப் பவர் தரும் மஞ்சள் வயரையும் பியூஸோடு பற்றரி பொசிற்றிவிலிருந்தே எடுத்துப் பாருங்கள். சிகரெட் லைற்றர் வயரில் கீறி எடுத்த மஞ்சள் வயர், இந்த ஊரில் அரைவாசி வாகனத்தில் இருக்கிறது.

அதற்கும் அசையவில்லையா? செற்றை முழுதாகக் கழற்றி மேசையில் வையுங்கள். மீற்றரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைச் செற்றின் தகர உடம்பிலும் மற்றதை ஆர்.சி.ஏ. வாயின் வெளி வளையத்திலும் பிடியுங்கள். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அந்த எர்த்துக்கான நுண்ணிய பியூஸ் அல்லது செம்புக் கோடு எரிந்துவிட்டது. பவர் இருக்கும்போது ஆர்.சி.ஏ.யைப் பூட்டினால், அல்லது அம்ப்பின் எர்த் கழன்று அதன் மின்சாரம் முழுக்க ஆர்.சி.ஏ. உறை வழியாகத் திரும்ப முயன்றால் இது போகும். பெயர் போன யப்பான் செற்றுகளிலும் நடப்பதுதான். கைதேர்ந்தவர் செற்றைத் திறந்து அந்தப் பியூஸை மாற்றலாம். வெளியால் செய்வதென்றால், ஆர்.சி.ஏ. வளையத்தில் மெல்லிய வயரைச் சுற்றி, செற்றின் பின்னால் உள்ள ஸ்க்ரூவில் கட்டிவிடுங்கள். பார்க்க வடிவில்லை. வேலை செய்யும்.

கெய்ன்

செற்றில் பாட்டை முக்கால்வாசிச் சத்தத்தில் வைத்து, அம்ப்பின் கெய்னை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, பாட்டு கரகரக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். கெய்னை முழுதாகத் திருகிவிட்டு செற்றை 5இல் வைத்துக் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு குப்பையும் பெரிதாகத்தான் கேட்கும்.

ஓட்டோ, லாண்ட்மாஸ்டர், லொறி, ஹைபிரிட்

ஓட்டோவில் இஞ்சினும் ஸ்பீக்கரும் ஒரே முதுகில் சவாரி செய்வதால் டிக் டிக் சத்தம்தான் பிரதான எதிரி. பிளக்கின் இலக்கத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். என்.ஜி.கே. பிளக்கில் பி.பி.ஆர்.6 என்று தொடங்கினால் அதற்குள் தடை இருக்கிறது, சுமார் 5,000 ஓம். பி.பி.6 என்றால் இல்லை. வாகனத்துக்குப் பொருந்தும் தடைப் பிளக்கையும், வெடிக்காத பிளக் வயரையும் போடுங்கள். இருட்டில் இஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், வெடித்த வயரில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீர்கள்.

லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்திலும் பெரிய உழவு இயந்திரத்திலும் பாட்டுப் பெட்டி பூட்டி வயலுக்கு இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: தனிப் பற்றரியில் ஓட விடுங்கள், இரவில் வீட்டில் சார்ஜ் போடுங்கள். இஞ்சினோடு வயரால் தொடர்பே இல்லாவிட்டால் இரைச்சலுக்கு வழியும் இல்லை.

லொறி, ரிப்பர், பஸ் எல்லாம் 24 வோல்ற். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுத்து ஓட்டுவது கெட்ட பழக்கம். ஒரு பற்றரி வடிய, மற்றது மிதமிஞ்சிச் சார்ஜ் ஆக, இரண்டும் சீக்கிரம் சாகும். 24ஐ 12 ஆக்கும் கன்வேட்டர் போடுங்கள். ஆனால் மலிவான கன்வேட்டரே ஒரு இரைச்சல் ஆலை. அதன் இரைச்சல் றேஸோடு மாறாமல் ஒரே சுருதியில் நிற்கும். அதைச் செற்றிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வைத்து, எர்த்தைச் சுத்தமாகக் கொடுங்கள்.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் ஒல்டனேற்றரே கிடையாது. பெரிய பற்றரியிலிருந்து ஒரு கன்வேட்டர் 12 வோல்ற்றைத் தருகிறது. ஆகவே இஞ்சின் நின்றிருக்கும்போதும் சத்தம் வரலாம், குழம்ப வேண்டாம், சோதனைகள் அதேதான். செம்மஞ்சள் நிற வயரை மட்டும் தொடாதீர்கள், அது ஆளைக் கொல்லும். வாகன் ஆர் மாதிரி, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றுகிற வண்டிகளில் கீய் சத்தம் வேகத்தைக் குறைக்கும்போது கூடினால் அதுவும் இயல்பே. எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

பில்டர் எப்போது?

மேலே உள்ள எல்லாம் முடிந்து, ஒல்டனேற்றர் நல்லது, எர்த் 0.1க்குக் கீழே, செற்றின் வளையம் நல்லது, ஆனாலும் மெல்லிய கீய் மிச்சம் என்றால் பூட்டலாம். செற்றின் மஞ்சள் வயரில் போடும் பில்டர் செற் எடுக்கும் கரண்டைத் தாங்க வேண்டும், 10 அம்பியராவது இருக்கட்டும். ஆர்.சி.ஏ.யில் போடும் ஐசோலேற்றர் மலிவானதாக இருந்தால் அடித்தொனியைக் கொஞ்சம் தின்றுவிடும். பறை மேளம் தகரம் மாதிரிக் கேட்கத் தொடங்கினால் காரணம் அதுவே.

அந்த ஹயஸில் இருந்த இரண்டு பில்டரையும் கழற்றி அண்ணையிடம் கொடுத்தேன். புதிய போல்ற், 4 கேஜ் எர்த், மேலே கிறீஸ். மீற்றர் 0.04 காட்டியது. முறிகண்டி வரை ஓடிப் பார்த்தோம். பிள்ளையாருக்கு முன்னால் வழமைபோல நிறுத்தி, கச்சான் வாங்கி, இஞ்சினை நிறுத்தாமலே பாட்டைப் போட்டு றேஸ் பண்ணினார். பாட்டுக்காரி தனியாகத்தான் நின்றாள். பின் இருக்கையில் ஏதோ கிறுகிறுத்தது. அது கதவுப் பலகையின் கிளிப், அதற்கு ஒரு துண்டு ஸ்பொஞ்ச் போதும் என்றேன்.